லயத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்

2020 பெப்ரவரி 1ஆம் திகதி, சீனாவின் வூஹான் நகரில் சிக்கியிருந்த 33 இலங்கையர் விசேட விமானத்தில் மத்தளைக்கு அழைத்து வரப்பட்டார்கள். அங்கிருந்து நேராகத் தியத்தலாவை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வாரம் வெளியாருடன் சேராமல் தங்குவதற்கு அங்கே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. தொற்று இல்லை என்று உறுதியான பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊவா மலையில் நடந்த அந்த ஏற்பாட்டை நாடே மெச்சியது.

அடுத்த ஆண்டு நிலைமை மாறியது. 2021இன் நடுப்பகுதியில் கொவிட் தொற்றின் டெல்டா வகை பரவி வைத்தியசாலைகள் நிரம்பியபோது, கடுமையான அறிகுறி இல்லாதவர்களை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் திட்டத்தைச் சுகாதார அமைச்சு கொண்டுவந்தது. உதவிக்கு 1390 என்ற தொலைபேசி இலக்கம் அறிவிக்கப்பட்டது. நோயாளிக்குச் சொல்லப்பட்டவை மூன்று: தனி அறையில் இருங்கள், முடிந்தால் தனி மலசலகூடத்தைப் பயன்படுத்துங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். ஹப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் பசறையிலும் மடுல்சீமையிலும் தேயிலைத் தோட்ட லயங்களில் இதைக் கேட்ட குடும்பங்களிடம் இந்த மூன்றில் ஒன்றுகூட முழுமையாக இல்லை.

தனி அறை இல்லாத வீட்டில் நோயைப் பிறருக்குத் தொற்றாமல் வைத்திருக்க முடியுமா? ஓரளவுக்கு முடியும் என்பதற்கு ஆய்வுகளும் மலையக மக்களின் சொந்த வழக்கங்களும் சான்று தருகின்றன. சுவரால் பிரிக்க முடியாத இடத்தில் காற்றாலும் தண்ணீராலும் நேரத்தாலும் பிரிக்கலாம். அவற்றைக் குடும்பமே செய்துகொள்ள முடியும். நான்காவதாக ஒன்று தேவை: நோய்ப்பட்ட நாளுக்குச் சம்பளம். அது குடும்பத்தின் கையில் இல்லை.

காம்பராவின் கணக்கு

கோப்பிக் காலத்தில் தொடங்கித் தேயிலைக் காலத்தில் பெருகிய லயங்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரை ஒரே வரிசையில் அடக்கி வைப்பதற்காகக் கட்டப்பட்டவை. ஒரு காம்பரா ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே தகரக் கூரை. ஆறு பேர் உள்ள குடும்பம் அந்த 120 சதுர அடியில் படுத்தால் ஆளுக்கு 20 சதுர அடி. அதிலும் அடுப்புக்கும் அலுமாரிக்கும் விறகுக்கும் இடம் விட்டாக வேண்டும். இரட்டை லயமாக இருந்தால் பின்சுவருக்கு மறுபக்கம் இன்னொரு குடும்பம் இருக்கும். பின்னால் சன்னல் வைக்கவே வழியில்லை. சில பழைய லயங்களில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. அடுத்த வீட்டுப் புகை வருகிற வழியாகவே அடுத்த வீட்டு இருமலும் வரும்.

காலநிலையும் சேர்ந்துகொள்கிறது. ஹப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே இருக்கிறது. மழை கொட்டும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாதங்களில், பனிமூட்டத்துக்குப் பயந்து கதவையும் சன்னலையும் அடைத்து, ஈர விறகை எரித்து, எல்லோரும் நெருங்கிப் படுக்கிறார்கள். இருமல், சளி, காய்ச்சல் பரவுவதற்கு இதைவிட வாய்ப்பான சூழல் வேண்டியதில்லை. இலங்கையில் இன்புளுவென்சா ஆண்டுக்கு இருமுறை தலைதூக்குகிறது. அதில் ஒன்று நவம்பர் முதல் ஜனவரி வரையான காலம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசுகிற வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கிறது. அதே மாதங்களில் பீலியில் தண்ணீர் வற்றுகிறது. தண்ணீர் குறைந்தால் கை கழுவுவது குறையும். வயிற்றோட்டம் வீட்டுக்கு வீடு நகரும்.

தொற்றுக்கு அஞ்சுவது தோட்ட வரலாற்றுக்குப் புதிதல்ல. பெரியம்மையும் வாந்திபேதியும் தோட்டங்களுக்குள் வந்துவிடக் கூடாது என்று, கப்பல் ஏறுமுன்பே தொழிலாளரைத் தூத்துக்குடிக்கு அருகில் தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் முகாம்களில் தடுத்து வைத்தார்கள். தொற்றுநோய்த் தடைக்காப்புக் கட்டளைச் சட்டம் 1897இல் இயற்றப்பட்டது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எல்லையில் அத்தனை கவனமாக இருந்த நிர்வாகம், உள்ளே வந்தவர்களை ஒரே கூரையின் கீழ் நெருக்கிக் குடியமர்த்தியது. அந்த முரண்பாட்டின் சுமையைத்தான் இன்றைய குடும்பங்கள் சுமக்கின்றன.

எந்த நோய், எந்த வழி

எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே விதமான தனிமை தேவையில்லை. டெங்கு நுளம்பால் வருவது, எலிக்காய்ச்சல் விலங்குகளின் சிறுநீர் கலந்த சேற்றாலும் நீராலும் வருவது. இந்த இரண்டுக்கும் நோயாளியை ஒதுக்கி வைப்பதில் பொருளில்லை. டெங்கு நோயாளியை நுளம்பு வலைக்குள் படுக்க வைப்பது பயன் தரும்.

ஆளிலிருந்து ஆளுக்குத் தாவும் நோய்களை வழியை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, மூச்சு வழி. இன்புளுவென்சா, கொவிட், சின்னமுத்து, கொப்புளிப்பான், காசநோய் இதில் அடங்கும். இன்புளுவென்சா அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே தொற்றத் தொடங்கி ஐந்து முதல் ஏழு நாள் வரை தொற்றும். முதல் மூன்று நாட்களே மிக ஆபத்தானவை. சின்னமுத்து, தோலில் தடிப்பு எழுவதற்கு நான்கு நாள் முன்னும் நான்கு நாள் பின்னும் தொற்றும். 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று இலங்கை அறிவிக்கப்பட்டது. ஆனால் 2023இல் அது மீண்டும் தலைகாட்டியது. ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் போட வேண்டிய தடுப்பூசியைத் தவறவிட்ட பிள்ளைகள் உள்ள லயத்தில் அது தங்கிவிடும்.

இரண்டாவது, கையும் தண்ணீரும் மலசலகூடமும் சேர்ந்த வழி. வயிற்றுளைச்சல், நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி இவ்வழி வருபவை. வயிற்றுளைச்சலை உண்டாக்கும் சிகெல்லாக் கிருமிகள் நூறுக்கும் குறைவாக உள்ளே போனாலே நோய் வந்துவிடும். பொதுக் குழாயின் திருகில் ஒட்டியிருக்கும் அளவே அதற்குப் போதும். மூன்றாவது, தோல் வழி: சொறி சிரங்கு. இதில் ஒருவருக்கு மட்டும் மருந்து பூசிப் பயனில்லை. காம்பராவில் படுக்கும் அத்தனை பேரும் ஒரே நாளில் பூசி, உடுத்திய துணியையும் விரித்த துணியையும் கொதிநீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும்.

வாசலில் வேப்பிலை

வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டே தொற்றைக் கட்டுப்படுத்தும் ஒரு முறை லயத்து மக்களிடம் பல தலைமுறையாக இருக்கிறது. ஒரு பிள்ளைக்குக் கொப்புளிப்பான் கண்டால் “அம்மா வந்திருக்கா” என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகப்படும். அதைக் கண்டவர்கள் படியேற மாட்டார்கள். கடனுக்கு அரிசி கேட்க வந்தவர்கூட இஸ்தோப்புக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். பிள்ளைக்கென்று தனிப் பாய், தனித் தட்டு, மெதுவான பழஞ்சேலை விரிப்பு. தாளிப்பு வாசனை வராது. கூழும் மோரும் இளநீரும் கொடுக்கப்படும். கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்கு உதிர்ந்த பிறகே தலைக்குத் தண்ணீர் ஊற்றி வெளியே விடுவார்கள்.

மருத்துவம் சொல்வதோடு இதை ஒப்பிட்டால் பெரும்பகுதி பொருந்துகிறது. கொப்புளிப்பான், கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து கடைசிக் கொப்புளம் காயும்வரை தொற்றும். தண்ணீர் ஊற்றும் நாள் வரை காத்திருப்பது அந்தக் கணக்குக்குள் சரியாக அடங்குகிறது. பொருந்தாத இடங்களும் உண்டு. வேப்பிலை செருகும்போது உடன்பிறந்தோருக்கு ஏற்கெனவே தொற்றியிருக்கக்கூடும். இதுவரை கொப்புளிப்பான் வராதவர்களில் பத்துப் பேர் ஒரே வீட்டில் இருந்தால் ஒன்பது பேர் வரை பிடித்துக்கொள்ளும். அவர்களுக்கு நோய் வெளிப்பட 10 முதல் 21 நாள் ஆகும். அந்த நாட்களில் அவர்களைக் கண்காணிக்க வேண்டும். அம்மன் வந்த வீட்டில் வைத்தியரிடம் போகக் கூடாது என்ற நம்பிக்கை பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் உயிராபத்தாக முடியலாம். அவர்களுக்கு அசைக்ளோவிர் மருந்து உதவும். அதுவும் முதல் நாளிலேயே தொடங்கினால்தான் முழுப்பயன். வேப்பிலையும் இருக்கட்டும், வைத்தியரும் வரட்டும் என்று பூசாரியும் தோட்டத் தலைவரும் சொன்னால் லயம் கேட்கும்.

கொவிட் காலத்தில் தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் கதவில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. வேப்பிலை சொன்ன அதே செய்தியைத்தான் அந்தத் தாளும் சொன்னது. ஆனால் வேப்பிலை வீட்டுக்கு மரியாதை கொடுத்தது. தாள் அவமானத்தைக் கொடுத்தது. அவமானத்துக்கு அஞ்சியவர் காய்ச்சலை மறைப்பார், பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். நோய் வந்த வீட்டுக்குத் தண்ணீர் எடுத்து வைத்து, கடைச் சாமான் வாங்கிக் கொடுக்கிற லயத்தில் மறைக்க வேண்டிய தேவை இல்லாமல் போகும்.

சேத்துப்பட்டு காட்டிய வழி

தொற்றுநோயாளியை நெருக்கடியான ஏழை வீட்டில் வைத்துப் பராமரிக்கலாமா என்ற கேள்விக்கு உலகம் நம்பிய பதில் சென்னையிலிருந்து வந்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் இரசாயன சிகிச்சை நிலையம், நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்கு நல்ல உணவும் ஓய்வும் காற்றோட்டமும் உள்ள சானட்டோரியத்தில் சிகிச்சை. மற்றவர்களுக்குத் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே அதே மருந்து. 1959இல் வெளியான முடிவு பலரை வியக்க வைத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். கூட வாழ்ந்த உறவினருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவுமில்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. சரியான மருந்து தொடங்கியதும் தொற்றும் சக்தி விரைவாகக் குறைகிறது. அதன் பிறகு உலகெங்கும் சானட்டோரியங்கள் மெல்ல மூடப்பட்டன.

லயங்களுக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பாமல் கொத்தமல்லித் தண்ணீரும் இஞ்சியும் கொடுத்து வீட்டில் வைத்திருக்கும் காலமே ஆபத்தான காலம். பதுளை மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும் ஆறு மாத மருந்தும் இலவசம். மருந்து தொடங்கி ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பெரும்பாலானோர் தொற்றாத நிலைக்கு வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகும் அவருடைய கோப்பையைத் தனியே வைத்து, பிள்ளையை அவர் மடியிலிருந்து இழுப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவுமில்லை. சாப்பாடும் மருந்தளவு முக்கியம். இந்தியாவின் ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், காசநோயாளியின் குடும்பத்துக்கு மாதாமாதம் உணவுப் பொருட்கள் கொடுத்ததால் அக்குடும்பத்தில் புதிதாக நோய் வருவது 39 முதல் 48 வீதம் வரை குறைந்தது.

காற்றும் சவர்க்காரமும்

லிமா நகரின் மருத்துவமனைகளில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, சன்னலையும் கதவையும் திறந்து வைத்த பழைய பாணி அறைகளில், இயந்திரக் காற்றோட்டம் உள்ள நவீன அறைகளைவிடக் காற்று அதிகமாக மாறுவதைக் கண்டது. செலவே இல்லாத வழி. லயத்தில் இரவு முழுவதும் சன்னலைத் திறக்க முடியாது, குளிர் விடாது. வெயில் ஏறிய பிறகு கதவையும் சன்னலையும் சேர்த்துத் திறந்து, நோயாளியை இஸ்தோப்பில் கம்பளி போர்த்தி உட்கார வைக்கலாம். இரவில் அவருடைய பாயை அடுப்பங்கரையிலிருந்து விலக்கிக் கதவோரத்துக்கு மாற்றலாம். மற்றவர்கள் தலைமாறிப் படுத்தால், ஒருவர் முகத்துக்கு நேரே இன்னொருவர் மூச்சு வராது.

ஹொங்கொங்கில் 259 குடும்பங்களை வைத்துச் செய்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வு, முகக்கவசத்தையும் கை கழுவுதலையும் பரிசோதித்தது. அறிகுறி தொடங்கி 36 மணித்தியாலத்துக்குள் தொடங்கிய வீடுகளில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. “நாளைக்குப் பார்ப்போம்” என்று விட்டால் காலம் கடந்துவிடும். தொண்டை கரகரத்த அன்றே நோயாளி முகக்கவசம் அணிய வேண்டும். பராமரிப்பவர் வீட்டில் ஒருவராக இருந்தால் நல்லது.

கராச்சியின் குடிசைப் பகுதிகளில் நடந்து 2005இல் வெளியான ஆய்வை லயங்களோடு எளிதாக ஒப்பிடலாம். வீடு நெரிசல், தண்ணீர் தட்டுப்பாடு, வறுமை எல்லாம் அங்கேயும் உண்டு. சவர்க்காரம் கொடுத்து, கை கழுவும்படி வாராவாரம் நினைவூட்டிய குடும்பங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் நியுமோனியா பாதியாகக் குறைந்தது. பிள்ளைகளின் வயிற்றோட்டமும் பாதிக்கு மேல் குறைந்தது. கிருமிநாசினி கலந்த விலையுயர்ந்த சவர்க்காரம் தேவைப்படவில்லை. சாதாரணச் சவர்க்காரமே போதுமாக இருந்தது. மலசலகூடத்துக்கு அருகில் ஒரு துண்டுச் சவர்க்காரத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் நிரப்பி வைத்தால் குழாய்த் திருகைத் தொடாமலே கை கழுவலாம். வயிற்றோட்டம் உள்ளவர், கடைசியாக வயிறு போய் 48 மணித்தியாலம் ஆகும்வரை பிறருக்குச் சமைக்கக் கூடாது. குடிநீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் போதும். ஜீவனி கரைத்த தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது.

நோயாளியை நகர்த்த இடமில்லாதபோது, நோயைத் தாங்க முடியாதவரை நகர்த்தலாம். கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் பாட்டியையும் முதல் நாளே உறவினர் காம்பராவுக்கு அனுப்புவது பல குடும்பங்களால் முடிந்த காரியம். இரண்டு மூன்று நாள் கடந்த பிறகு அனுப்பினால், அவர்கள் நோயையும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

மூச்சு வாங்குவது, குழந்தையின் நெஞ்சு உள்ளே குழிவது, எதையும் குடிக்க முடியாமை, மயக்கம், சிறுநீர் குறைவது ஆகியவை வீட்டு வைத்தியத்துக்கு அப்பாற்பட்டவை. 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவை 2018இல் ஊவாவுக்கும் வந்தது. வண்டி ஏற முடியாத லயங்களிலிருந்து பாதை வரை நோயாளியைத் தூக்கிவர ஆள் தயாராக இருப்பது லயத்தாரின் பொறுப்பு.

பேரும் பெரட்டும்

இத்தனையும் செய்த குடும்பம், காலையில் வேலைக்கு அழைக்கும் பெரட்டுச் சத்தம் கேட்டதும் தடுமாறுகிறது. வேலைக்குப் போனால்தான் பேர், அதாவது அன்றைய வேலைப் பதிவு. போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. 2013 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாய். அதற்கு மேல் 140 ரூபாய் வருகைக் கொடுப்பனவு, அதுவும் மாதத்தின் வேலை நாட்களில் 75 வீதம் வந்தவர்களுக்கு மட்டும். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவர் அந்த வாரச் சம்பளத்தோடு மாதம் முழுவதற்குமான கொடுப்பனவையும் இழக்க நேர்ந்தது. 2019 ஒப்பந்தத்தில் அந்தக் கொடுப்பனவு நீக்கப்பட்டது. 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில், நாட்சம்பளத்தை 1,350 ரூபாயிலிருந்து 1,550 ஆக உயர்த்துவதோடு, வருகைக்காக நாளொன்றுக்கு 200 ரூபாயை அரசு கொடுக்கும் என்று அறிவிக்கப்பட்டது. தொழிலாளருக்கு அது தேவையான பணம். ஆனால் நோயோடு வேலைக்கு வருகிறவருக்கும் அதே 200 ரூபாய்தான்; நோயைப் பரப்பாமல் வீட்டில் இருந்தவருக்கு எதுவுமில்லை.

காய்ச்சலோடு மலைக்கு ஏறுகிறவர் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நெருங்கி நிற்கிறார். அதற்கு முன்பே குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டிருக்கிறார். ஒரு குழந்தையின் சளி, அங்கே தூங்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் போய், மாலையில் அத்தனை காம்பராக்களுக்கும் திரும்புகிறது. பிள்ளைக்காம்பரா வாசலில் காய்ச்சல் பார்ப்பது கடினமல்ல. காய்ச்சல் கண்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் தாய்க்குப் பேர் போகுமே என்பதுதான் அங்கே பணிபுரிபவரின் தயக்கம்.

சுகாதார அமைப்பிலும் இடைவெளி உண்டு. அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்றால் வைத்தியர் சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுத வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து விசாரிக்க வேண்டும். தோட்டங்களில் முதலில் பார்ப்பவர் தோட்ட வைத்திய உதவியாளர். அவருடைய பதிவு தாமதமின்றிச் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்குப் போனால், ஒரே லயத்தில் மூன்று பேருக்கு வயிற்றுளைச்சல் வந்ததும் பீலித் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். விசாரிக்க வருகிறவர் தமிழில் பேசினால் பாதி வேலை முடிந்துவிடும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கி, மண்சரிவுக்கு அஞ்சிய குடும்பங்களைப் பாடசாலைகளில் தங்க வைத்தது. காம்பராவின் நெருக்கடியே அங்கே இன்னும் பெரிதாகத் தெரிந்தது. நீண்டகாலத் தீர்வு தனி வீடுதான். இந்திய அரசு முதலில் 4,000 வீடுகளும், 2017இல் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளும் அறிவித்தது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமை ஆவணங்கள் வழங்கப்பட்டன. எல்லா லயங்களும் காலியாக இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை ஒவ்வொரு தோட்டமும் பூட்டிக் கிடக்கும் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தையோ கலாசார மண்டபத்தையோ நோய்ப் பருவத்தில் நான்கைந்து கட்டில்களோடு திறந்து வைக்கலாம்.

உடனே செய்யக்கூடியது நோய்க்கால விடுமுறை. இன்புளுவென்சா மிக அதிகமாகத் தொற்றும் மூன்று நாளுக்கு 1,550 ரூபாய் வீதம் 4,650 ரூபாய். ஒருவரால் நான்கு பேர் படுத்து, நிரையில் கொழுந்து முற்றிப்போவதால் தோட்டத்துக்கு வரும் நட்டத்தோடு கம்பனிகள் அந்தத் தொகையை வைத்துப் பார்க்கட்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சில் நாட்சம்பளத் தொகைக்கு அடுத்த வரியாக இந்த மூன்று நாளையும் எழுதிக் கேட்க வேண்டும். தோட்ட வைத்திய உதவியாளர் எழுதிக் கொடுக்கும் துண்டே அதற்குப் போதுமான சான்றாக ஏற்கப்பட வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நின்ற தாய்க்கும் அதே விதி பொருந்த வேண்டும்.